கிராவிட்டான்: அளவுச்சட்டை இருக்கிறது, ஆளைத்தான் காணவில்லை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அறிவியல் கூட்டங்களில் பேசப் போகிறவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். கருந்துளையைப் பற்றிப் பேசினாலும் சரி, கிரகணத்தைப் பற்றிப் பேசினாலும் சரி, நன்றியுரைக்கு ஆள் எழுந்து நிற்கும் நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயரும். "கிராவிட்டானைக் கண்டுபிடித்துவிட்டார்களா, சார்?" பாதிப் பதில் சொல்வதற்குள் மைக்கை வாங்கிக்கொள்வார்கள். அப்படிச் சொல்லாமல் விட்ட பாதிகளையும், பிறகு தேநீர் குடிக்கும்போது பக்கத்தில் வந்து கேட்டவர்களின் கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

கிராவிட்டான் என்றால் என்ன?

ஈர்ப்பு விசையைக் கடத்துவதாகக் கருதப்படும் துகள். மின்காந்த விசைக்கு ஒளித்துகளான போட்டான் இருக்கிறது. அணுக்கருவுக்குள் குவார்க்குகளைக் கட்டிவைக்கும் விசைக்கு குளுவான் இருக்கிறது. கதிரியக்கச் சிதைவு சிலவற்றுக்குக் காரணமான வலுவற்ற விசைக்கு டபிள்யூ, இசட் என்ற போசான்கள் இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் ஆய்வகத்தில் சான்று கிடைத்துவிட்டது. மிச்சமிருப்பது ஈர்ப்பு. அதற்கும் இப்படி ஒரு துகள் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு வைத்த பெயர்தான் கிராவிட்டான்.

"துகள்" என்றதும் மணல் பரலை நினைத்துக்கொள்ள வேண்டாம். குவாண்டம் இயற்பியலின்படி ஓர் அலையின் ஆற்றலை நம் விருப்பம்போல் பிய்த்து எடுக்க முடியாது. காசு காசாகத்தான் எடுக்க முடியும். ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் கொண்ட ஒளியில் செல்லுபடியாகும் மிகச் சிறிய காசு போட்டான். நிறையுள்ளவை அசையும்போது எழக்கூடிய ஈர்ப்பு அலையில் செல்லுபடியாகும் மிகச் சிறிய காசு கிராவிட்டான்.

கண்டுபிடித்துவிட்டார்களா?

இல்லை.

பார்க்காத துகளுக்குப் பெயர் வைத்தவர் யார்?

சோவியத் இயற்பியலாளர்களான திமித்ரி புளோகின்செவ், கால்பெரின் ஆகிய இருவரும் 1934-இல் எழுதிய கட்டுரையில்தான் இந்தச் சொல் முதலில் அச்சேறியது. ஆனால் எண்ணம் அதைவிடப் பழையது. 1916-இலேயே ஐன்ஸ்டைன் ஒரு சிக்கலைக் குறித்துவைத்தார். அணுவுக்குள் எலெக்ட்ரான் இயங்குவதால் அணு ஒளியை மட்டுமல்ல, மிக மிகக் கொஞ்சமாக ஈர்ப்பு அலையையும் வெளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி ஆற்றல் வடிந்தால் அணு நிலைக்காது. ஆகவே குவாண்டம் கொள்கை தன்னுடைய ஈர்ப்புக் கொள்கையையும் திருத்த வேண்டிவரும் என்றார். பொதுச் சார்பியல் வெளிவந்து ஓராண்டுகூட ஆகாத நேரத்தில், அதை உருவாக்கியவரே சொன்னது இது.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாதவர் மத்வெய் புரோன்ஸ்டைன். லெனின்கிராடில் இருந்த இளைஞர். 1935-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில், வலுக்குறைந்த ஈர்ப்புப் புலத்தைக் குவாண்டம் முறைப்படி கணக்கிட்டு, அதிலிருந்து நியூட்டனின் ஈர்ப்பு விதியை வரவழைத்துக் காட்டினார். கிராவிட்டான் பரிமாற்றத்தால் ஈர்ப்பு உண்டாகிறது என்பதை வெறும் பேச்சாக விடாமல் கணக்காக்கிய முதல் ஆள் என்று அவரைச் சொல்லலாம். அதோடு நிற்கவில்லை. புலம் வலுவாக இருக்கும் இடத்தில் இந்தக் கணக்கு செல்லாது, வெளி, காலம் என்று நாம் பேசுகிற கருத்துகளையே அங்கே கைவிட வேண்டிவரலாம் என்றும் எழுதினார். இன்று உலகெங்கும் குவாண்டம் ஈர்ப்பு ஆய்வாளர்கள் மோதிக்கொண்டிருப்பது அதே சுவரில்தான். சிறுவர்களுக்காக அழகான அறிவியல் நூல்களும் எழுதிய மனிதர் அவர். 1937 ஆகஸ்டில் ஸ்டாலின் காலக் கைதுகளில் சிக்கினார். 1938 பிப்ரவரியில் சுட்டுக்கொல்லப்பட்டார். வயது 31. மனைவியிடம் "கடிதத் தொடர்புக்கு உரிமையில்லாத பத்தாண்டுச் சிறை" என்றுதான் சொல்லியிருந்தார்கள். அந்தத் தொடருக்கு அன்று என்ன பொருள் என்பது பிற்பாடுதான் பலருக்கும் விளங்கியது.

நிறை இல்லை, தற்சுழற்சி 2 என்றெல்லாம் எழுதுகிறார்கள். பார்க்காத துகளைப் பற்றி இவ்வளவு எப்படித் தெரியும்?

தையற்காரரிடம் ஓர் அளவுச்சட்டையைக் கொடுத்தனுப்பினால் போதும், ஆளைப் பார்க்காமலே புதுச்சட்டை தைத்துவிடுவார். ஈர்ப்பு விசை உலகில் எப்படி நடந்துகொள்கிறது என்பது நமக்கு நன்றாகத் தெரியும். அதுதான் அளவுச்சட்டை. அதற்குப் பொருந்துகிற துகள் எப்படி இருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறோம்.

முதலில் நிறை. விசையைக் கடத்தும் துகள் கனமாக இருந்தால் அந்த விசை கொஞ்ச தூரத்திலேயே ஓய்ந்துவிடும். டபிள்யூ, இசட் இரண்டும் கனமானவை. அதனால் வலுவற்ற விசை அணுக்கருவைத் தாண்டி எட்டிப் பார்ப்பதே இல்லை. ஈர்ப்போ சூரியனிலிருந்து நெப்டியூன் வரைக்கும், ஒரு விண்மீன் திரளிலிருந்து அடுத்த திரள் வரைக்கும் நீள்கிறது. எனவே கிராவிட்டானுக்கு நிறை இல்லை, அல்லது இருந்தும் இல்லாத அளவுக்குக் குறைவு. ஈர்ப்பு அலை பதிவுகளிலிருந்து கிடைத்த உச்சவரம்பு சுமார் 1.3 × 10⁻²³ எலெக்ட்ரான்வோல்ட். எலெக்ட்ரானின் நிறை இதே அலகில் 5,11,000.

அடுத்தது தற்சுழற்சி. குவாண்டம் துகள்களுக்குப் பிறவியிலேயே உள்ள குணம் இது. பம்பரம் சுற்றுவதைப் போல எதுவும் உண்மையில் சுற்றுவதில்லை. விசை கடத்தும் துகளின் தற்சுழற்சி 1 என்றால், ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும், போட்டான் அப்படித்தான். ஈர்ப்பில் நிறையும் நிறையும் இழுக்கின்றன, ஆகவே 1 கிடையாது. 0 என்று வைத்துப் பார்த்தால் இழுக்கும், ஆனால் ஒளியைக் கண்டுகொள்ளாது. 1919 மே 29 முழுச் சூரிய கிரகணத்தின்போது சூரியனுக்கு அருகே விண்மீன் ஒளி வளைவதை அளந்தாயிற்றே. அதனால் 0-வும் கழிந்தது. 2-க்கு மேல் போனால் நெடுந்தூர விசை எதையும் அது தாங்காது என்று 1960-களில் ஸ்டீவன் வெயின்பர்க் நிறுவினார். மிஞ்சியது 2 மட்டும்.

2 என்றால் என்ன என்பதைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஒரு ரப்பர் வளையலை எடுத்துக்கொள்ளுங்கள். இருபுறமும் பிடித்து இழுங்கள். அகலத்தில் நீளும், உயரத்தில் ஒடுங்கும், முட்டை வடிவமாகும். நேராக நம்மை நோக்கி வரும் ஈர்ப்பு அலை, வழியில் இருக்கும் எதையும் இப்படித்தான் ஒரு திசையில் நீட்டி, அதற்குச் செங்குத்தான திசையில் ஒடுக்கி, அடுத்த கணம் மாற்றிச் செய்யும். இழுத்த நிலையிலேயே வளையலை அரைச் சுற்று திருப்புங்கள். முன்பு இருந்த அதே தோற்றம். முழுச் சுற்று வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு முழுச் சுற்றுக்குள் இரண்டு முறை பழைய தோற்றத்துக்கு வருவதுதான் அந்த 2. அம்மிக்குழவியும் இப்படியே: முனை மாற்றி வைத்தால் வித்தியாசம் தெரியாது. தோசைக்கரண்டிக்கு முழுச் சுற்றும் வேண்டும், அது 1.

ஈர்ப்பு விசையே அல்ல, காலவெளியின் வளைவு என்று ஐன்ஸ்டைன் சொன்னாரே. அப்புறம் எதற்குத் துகள்?

மிக நல்ல கேள்வி. பாடப்புத்தகங்கள் இதைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதுதான் வியப்பு.

இருட்டில் இரண்டு டார்ச் விளக்குகளைக் குறுக்காக அடித்துப் பாருங்கள். ஒளிக்கற்றைகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் கடந்துபோகும். போட்டான் மின்னூட்டத்தைத் தேடும், அதற்கென்று மின்னூட்டம் கிடையாது. கிராவிட்டான் விஷயம் வேறு. ஈர்ப்பு ஆற்றல் உள்ள எதையும் இழுக்கும். கிராவிட்டானிடமும் ஆற்றல் இருக்கிறது. ஆக, கிராவிட்டான் கிராவிட்டானையும் இழுத்தாக வேண்டும். அந்த இழுப்பிலும் ஆற்றல், அதற்கும் ஓர் இழுப்பு. வட்டிக்கு வட்டி. ஒளி தனிவட்டி என்றால் ஈர்ப்பு கூட்டுவட்டி.

நிறையில்லாத, தற்சுழற்சி 2 கொண்ட ஒரு துகளை மட்டும் வைத்துக்கொண்டு, வளைவு என்ற பேச்சையே எடுக்காமல், இந்த வட்டிக்கு வட்டியைக் கடைசிவரை கூட்டிக்கொண்டே போனால் என்ன வரும்? ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளே வந்து நிற்கின்றன. ரிச்சர்ட் ஃபைன்மேன் 1962-63-இல் கால்டெக்கில் நடத்திய வகுப்புகளில் இந்த வழியாகத்தான் பொதுச் சார்பியலுக்குள் மாணவர்களை அழைத்துப் போனார். எண்ணிலடங்காத கிராவிட்டான்கள் ஒத்து இயங்கும்போது நாம் அதை வளைவு என்கிறோம். எந்த வாசல் வழியாக நுழைந்தாலும் கூடம் ஒன்றுதான்.

இருவர் பந்தை மாற்றி மாற்றி வீசிக்கொண்டால் பின்னுக்குத்தானே போவார்கள்? துகளைப் பரிமாறி எப்படி இழுக்க முடியும்?

அந்தப் பந்து உவமையை முதலில் தூக்கிப் போடுங்கள். தள்ளுவதை விளக்க அது கொஞ்சம் உதவும், இழுப்பதை விளக்கும்போது கையைச் சுட்டுவிடும். விசையைக் கடத்தும்போது பரிமாறப்படுபவை மெய்யான துகள்கள் அல்ல, மெய்நிகர் துகள்கள். அதாவது ஒரு நீண்ட கணக்கின் இடைவரிகள். இழுப்பா தள்ளலா என்பதைத் தீர்மானிப்பது தற்சுழற்சி. அது இரட்டைப்படை எண்ணாக இருந்தால் ஒத்தவை இழுக்கும்.

கருந்துளையிலிருந்து ஒளியே தப்பாது என்கிறார்கள். கிராவிட்டான் மட்டும் எப்படி வெளியே வந்து மற்றதை இழுக்கிறது?

வெளியே வரவில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை. விண்மீன் சுருங்கிக் கருந்துளையாவதற்கு முன்பே அதைச் சுற்றி ஈர்ப்புப் புலம் இருந்தது. சுருங்கிய பிறகும் வெளியே இருந்த புலம் அப்படியே நிற்கிறது. நிலையாக நிற்கும் புலம், உள்ளிருந்து ஓயாமல் துகள் பொழிந்துகொண்டிருக்கும் ஊற்று அல்ல. மெய்யான கிராவிட்டான் உள்ளே இருந்தால், ஒளியைப்போல அதுவும் மாட்டிக்கொண்டதுதான்.

2015-இல் ஈர்ப்பு அலைகளைப் பிடித்துவிட்டார்களே? அதுவே கிராவிட்டானைப் பிடித்த மாதிரி இல்லையா?

இல்லை. அரிசி மூட்டையைத் தராசில் ஏற்றுவது வேறு, ஒரே ஓர் அரிசியை இரண்டு விரலில் எடுத்துக் காட்டுவது வேறு.

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு, லிவிங்ஸ்டன் ஆகிய இரண்டு இடங்களிலும் உள்ள லைகோ கருவிகள் துடித்தன. ஈர்ப்பு அலை கடக்கும்போது, தள்ளித் தள்ளி நிறுத்திய கண்ணாடிகளின் இடைவெளி மாறுவதை அளப்பவை அவை. சுமார் 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில், சூரியனைப்போல் 36 மடங்கும் 29 மடங்கும் நிறை கொண்ட இரு கருந்துளைகள் ஒன்றாகக் கலந்ததன் அதிர்வு அது. கூட்டினால் 65 வர வேண்டும், மிஞ்சியது 62. மூன்று சூரியன்களின் நிறை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஈர்ப்பு அலையாகப் போய்விட்டது. அந்த ஆற்றலை, உச்சத்தின்போது இருந்த சுமார் 150 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு உரிய ஒரு கிராவிட்டானின் ஆற்றலால் வகுத்தால் கிட்டத்தட்ட 5 × 10⁷⁸ கிராவிட்டான்கள் என்று வருகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு போட்டானோடு ஒப்பிட்டால் அவற்றில் ஒன்றின் ஆற்றல் சில லட்சம் கோடியில் ஒரு பங்கு. காசு அவ்வளவு சிறியது, குவியல் அவ்வளவு பெரியது. லைகோ கண்டது குவியலை.

ஆனால் அந்தக் குவியலிலிருந்தே சில செய்திகள் கிடைத்தன. 2017 ஆகஸ்டு 17 அன்று இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதின. சுமார் 13 கோடி ஆண்டுகள் பயணம் செய்த ஈர்ப்பு அலையும் காமாக் கதிரும் வெறும் 1.7 நொடி இடைவெளியில் வந்து சேர்ந்தன. ஈர்ப்பு ஒளியின் வேகத்தில்தான் செல்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று அதுவரை கிடையாது.

பூமியும் சூரியனைச் சுற்றும்போது ஈர்ப்பு அலையை உமிழ்கிறது. ஒட்டுமொத்தத் திறன் சுமார் 200 வாட். பழைய குண்டு பல்பு இரண்டு எரிகிற அளவு. அதிலும் நொடிக்கு 10⁴² என்ற கணக்கில் கிராவிட்டான்கள் இருக்க வேண்டும்.

இத்தனை கோடி இருந்தும் ஒன்றைப் பிடிக்க முடியாதா?

உங்கள் வீட்டுக் கூரையில் ஒரு பல்லி தலைகீழாக நிற்கும். பூமி முழுவதும் சேர்ந்து அதைக் கீழே இழுக்கிறது. பல்லியோ விரல் நுனி மயிரிழைகளுக்கும் சுண்ணாம்புப் பூச்சுக்கும் இடையே உண்டாகும் மின்விசையின் மிச்சசொச்சத்தை வைத்துக்கொண்டே அத்தனை பெரிய பூமியைத் தோற்கடித்துவிட்டு, பூச்சியையும் பிடிக்கிறது. ஈர்ப்பு அவ்வளவு பலவீனம். இரண்டு புரோட்டான்களுக்கு இடையே மின்விசை ஈர்ப்பைப்போல் 10³⁶ மடங்கு வலியது. விசை பலவீனம் என்றால் துகள் எதிலும் மோதி நிற்காது என்று பொருள். கருவியில் மோதினால்தானே பிடிக்க முடியும்?

டோனி ராத்மன், ஸ்டீபன் பான் இருவரும் 2006-இல் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். வியாழன் கோளின் நிறையுள்ள ஒரு கருவியைச் செய்து, அது நூற்றுக்கு நூறு பழுதில்லாமல் வேலை செய்வதாக வைத்துக்கொண்டு, ஒரு நியூட்ரான் விண்மீனுக்கு அருகில் சுற்றவிட்டால், பத்தாண்டுக்கு ஒரு கிராவிட்டான் சிக்கலாம். அதற்குள் நியூட்ரினோ என்ற வேறு நுண்துகள்கள் கூட்டமாக வந்து மோதி இரைச்சல் கிளப்பும். அவற்றைத் தடுக்கச் சுவர் எழுப்பலாம் என்றால், அந்தச் சுவர் தன் எடையாலேயே நொறுங்கிக் கருந்துளையாகிவிடும்.

இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசனும் வேறு வழியில் இதே மாதிரியான இடத்துக்கு வந்தார். லைகோ வகைக் கருவியால் ஒற்றைக் கிராவிட்டானை உணர வேண்டுமானால், கண்ணாடிகளின் இடைவெளியைச் சுமார் 10⁻³⁵ மீட்டர் வரை துல்லியமாக அறிய வேண்டும். அவ்வளவு அசையாமல் நிற்க அந்தக் கண்ணாடிகள் எவ்வளவு கனமாக இருக்க வேண்டுமென்றால், அளப்பதற்கு முன் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக் கருந்துளையாகிவிடும். இயற்கையே வேண்டுமென்று ஒளித்து வைத்திருக்கிறதோ என்ற ஐயம் அவருக்கு இருந்தது. எனக்கு அந்த அளவுக்குப் போக மனமில்லை. முடியவே முடியாது என்று கணக்குப் போட்ட எத்தனையோ விஷயங்களில், கணக்கு தப்பவில்லை, கருவியை யோசித்த விதம்தான் தப்பியது.

2024-இல் கண்டுபிடித்ததாகவே செய்தி வந்ததே?

இரண்டு செய்திகள் வந்தன. இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் அதிகம்.

மார்ச் மாதம் வந்தது காலியம் ஆர்செனைடு என்ற குறைகடத்தியில் நடந்த சோதனை. கடுங்குளிரிலும் வலுவான காந்தப்புலத்திலும் எலெக்ட்ரான்கள் ஒன்றுகூடி ஒரு விசித்திரத் திரவம்போல் நடந்துகொண்டன. அந்தத் திரவத்தில் எழுந்த அதிர்வுக்கும் தற்சுழற்சி 2. கிராவிட்டானைப்போல நடந்துகொள்ளும் அதிர்வு என்பதுதான் ஆய்வின் முடிவு. தலைப்புப் போட்டவர்கள் "போல" என்பதை வெட்டிவிட்டார்கள். நாடகத்தில் ராஜா வேடம் கட்டியவரை ஊர் ராஜா என்று எழுதுவதற்கு இது சமம்.

மற்றது ஆகஸ்டில் வந்தது. இன்னும் செய்யாத சோதனைக்கான திட்டம். இகோர் பிகோவ்ஸ்கியின் குழு முன்வைத்தது. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. 1960-களில் மேரிலாந்தில் ஜோசப் வெபர் பெரிய அலுமினிய உருளைகளைத் தொங்கவிட்டு, ஈர்ப்பு அலை மோதினால் அவை மணிபோல் அதிரும் என்று காத்திருந்தார். அலையைக் கேட்டுவிட்டதாக 1969-இல் அறிவித்தார். வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. அவர் பெயர் அதோடு சரிந்தது. அதே உருளையைத்தான் இவர்கள் மீண்டும் எடுக்கிறார்கள். அதன் அதிர்வு இதற்குமேல் குறையவே முடியாத குவாண்டம் அடிநிலை வரை குளிர்விக்க வேண்டும். ஈர்ப்பு அலை கடக்கும்போது எண்ணற்ற கிராவிட்டான்களில் ஒன்றே ஒன்றை உருளை விழுங்கி, அதிர்வின் ஆற்றலில் ஒரே ஒரு படி மேலே தாவ வேண்டும். அதே நொடியில் லைகோவிலும் அலை பதிவாகியிருந்தால், தாவலுக்குக் காரணம் அதுதான் என்று சொல்லலாம். டைசனின் தடையை இது சுற்றிக்கொண்டு போகிறது. பிடிக்க வேண்டியது ஒன்று, ஆனால் வருபவை கோடானுகோடி.

குறையும் இருக்கிறது. கிலோகிராம் கணக்கில் எடையுள்ள ஒன்றை அவ்வளவு குளிர்வித்து, ஒற்றைப் படித் தாவலைக் கண்காணிப்பது இன்றைய நிலையில் கைக்கு எட்டவில்லை. அப்படியே தாவல் தெரிந்தாலும், உருளை மட்டும் குவாண்டம், அலை பழையபடி தொடர் அலையே என்று வாதிடுகிறவருக்கு இடம் இருக்கும். ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலெக்ட்ரான் தெறிக்கும் ஒளிமின் விளைவு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு போட்டானை முழுமையாக நிரூபிக்க முடியாததைப்போலத்தான் இதுவும்.

ஜெனீவா அருகே துகள்களை மோதவிட்டு ஆராயும் செர்ன் மோதுவியில் தேடக் கூடாதா?

தேடுகிறார்கள். வெளிக்கு மூன்றுக்கு மேல் பரிமாணங்கள் இருந்தால், கனமான கிராவிட்டான் வகைகள் அங்கே உண்டாகலாம் என்று சில கொள்கைகள் சொல்கின்றன. இதுவரை எதுவும் கிடைக்கவில்லை. சாதாரண, நிறையற்ற கிராவிட்டானை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

ஹிக்ஸ் போசானும் இதுவும் ஒன்றா?

இல்லை. 2012 ஜூலை 4 அன்று அறிவிக்கப்பட்ட ஹிக்ஸுக்குத் தற்சுழற்சி 0, நிறை 125 ஜிகா எலெக்ட்ரான்வோல்ட். அடிப்படைத் துகள்களுக்கு நிறை வருவதில் அதன் புலத்துக்குப் பங்கு உண்டு. நிறை வந்த பிறகு அவற்றை இழுப்பது ஈர்ப்பு. ஹிக்ஸுக்கு ஒட்டிக்கொண்ட கடவுள் துகள் என்ற பட்டப்பெயர் செய்த குழப்பம் இது.

கிராவிட்டானை அடக்கிவிட்டால் எதிர் ஈர்ப்பு கிடைக்குமா? பறக்கும் வண்டி?

கிடைக்காது. கிராவிட்டானுக்கு எதிர்த்துகள் அதுவேதான். மின்னூட்டம் மாறிய துகள்களால் ஆன எதிர்ப்பொருளாவது மேலே விழுமா என்று சோதித்தும் பார்த்துவிட்டார்கள். எதிர்-ஹைட்ரஜன் கீழேதான் விழுகிறது என்று செர்ன் விஞ்ஞானிகள் 2023-இல் வெளியிட்டார்கள்.

ஈர்ப்பையும் குவாண்டத்தையும் சேர்த்தால் கணக்கு உடைகிறது என்கிறார்களே, எங்கே உடைகிறது?

வட்டிக்கு வட்டி என்றேனே, அங்கே. குவாண்டம் கணக்கில் ஒவ்வொரு திருத்தத்துக்குள்ளும் இன்னொரு திருத்தம் இருக்கும். போட்டானிலும் முடிவிலிகள் முளைக்கும்; ஆனால் மின்னூட்டம், நிறை என்ற சில அளவுகளைச் சோதனையில் அளந்து பொருத்திவிட்டால் எல்லாம் அடங்கிவிடும். ஈர்ப்பில் ஒவ்வொரு படியிலும் புதிய முடிவிலி, அதை அடக்கப் புதிய அளவு. படிகளுக்கு முடிவில்லை, ஆகவே அளக்க வேண்டியவற்றுக்கும் முடிவில்லை.

1974-இல் ஜெரார்டு ட ஹூஃப்டும் மார்ட்டின் வெல்ட்மனும் முதற்படியைக் கணக்கிட்டார்கள். பொருள் ஏதும் இல்லாத வெறும் ஈர்ப்பு மட்டும் என்றால் முடிவிலிகள் அதிர்ஷ்டவசமாக விலகிவிட்டன. அடுத்த படியிலும் அதிர்ஷ்டம் இருக்குமோ என்று பதினோரு ஆண்டுகள் நம்பிக்கை இருந்தது. 1985-இல் கோராஃப், சன்யோட்டி இருவரும் கணினியின் துணையோடு இரண்டாம் படியை முடித்தார்கள். முடிவிலியின் முன்னால் நின்ற எண் 209/2880. அது சுழியமாக இருந்திருந்தால் நம்பிக்கை நீடித்திருக்கும். இல்லை.

இதனால் கிராவிட்டான் பொய் என்றாகிவிடாது. தாழ்ந்த ஆற்றலில் அந்தக் கணக்கு நன்றாகவே வேலை செய்கிறது. நியூட்டனின் விதிக்கு வரும் குவாண்டம் திருத்தத்தை 1994-இல் ஜான் டோனஹ்யூ முறையாகப் போட்டுக் காட்டினார். கணக்கு நொறுங்குவது பிளாங்க் ஆற்றலில். செர்ன் மோதுவியின் ஆற்றலைப்போல் சுமார் 10¹⁵ மடங்கு அது. அங்கே என்ன இருக்கிறது என்பதில்தான், துகள்கள் எல்லாம் நுண்ணிய இழைகளின் அதிர்வுகளே என்கிற இழைக் கொள்கையினருக்கும் மற்றவர்களுக்கும் சண்டை. இழைக் கொள்கையில் கிராவிட்டான் அழையாமலே வந்த விருந்தாளி: அணுக்கரு விசையை விளக்க உருவாக்கிய சமன்பாடுகளில் நிறையற்ற, தற்சுழற்சி 2 கொண்ட ஒரு துகள் தொல்லையாக வந்து நின்றது. 1974-இல் ஷெர்க், ஷ்வார்ட்ஸ் இருவரும், தனியாக ஜப்பானில் யோனெயாவும், அதன் அடையாளத்தைக் கண்டுகொண்டார்கள். மறுபுறம், இந்தியாவில் பிறந்த அபய் அஷ்டேகர் 1986-இல் வகுத்த வழியிலிருந்து வளர்ந்த கண்ணிக் குவாண்டம் ஈர்ப்பு, துகளிலிருந்து தொடங்காமல் வெளியையே குவாண்டமாக்கப் பார்க்கிறது.

ஒருவேளை கிராவிட்டானே இல்லை என்றால்?

அப்படிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். லண்டனில் உள்ள ஜோனதன் ஓப்பன்ஹைம், ஈர்ப்பு குவாண்டம் அல்லாமல் பழைய மாதிரியே இருக்கலாம் என்ற கொள்கையை 2023 டிசம்பரில் விரிவாக வெளியிட்டார். கார்லோ ரொவெல்லி, ஜெஃப் பெனிங்டன் இருவரோடும் இதற்கு 5000-க்கு 1 என்று பந்தயமும் கட்டியிருக்கிறார். பெருவாரியானவர்கள் எதிர்ப்பக்கம் என்பதை அந்த விகிதமே காட்டுகிறது. நானும் அந்தப் பெருவாரிக் கூட்டத்தில்தான் நிற்கிறேன், பந்தயம் கட்டாமல்.

தீர்த்துவைக்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. 1957-இல் சேப்பல் ஹில்லில் நடந்த மாநாட்டில் ஃபைன்மேன் எழுப்பிய யோசனையின் பேரப்பிள்ளை. சுகத்தோ போஸும் அவரோடு சேர்ந்தவர்களும், தனியாக மார்லெட்டோ, வெட்ரல் இருவரும், 2017-இல் முன்வைத்தார்கள். நுண்ணிய வைரத் துணுக்குகள் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்கும் குவாண்டம் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஈர்ப்பைத் தவிர வேறு எதுவும் அவற்றுக்கிடையே இருக்கக் கூடாது. சில நொடிகளில் அவை பின்னிப் பிணைந்த நிலைக்கு (ஒன்றின் நிலையை மற்றதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத குவாண்டம் நிலைக்கு) வந்துவிட்டால், நடுவில் தூது போன ஈர்ப்பும் குவாண்டம்தான். சங்கடம் என்னவென்றால் துணுக்கின் நிறை 10⁻¹⁴ கிலோகிராம் வேண்டும். 2019-இல் வியன்னாவில் இப்படி இரண்டு இடங்களில் நிறுத்திக்காட்டிய மூலக்கூறில் அணுக்கள் சுமார் 2,000 மட்டுமே. வைரத் துணுக்கு அதைப்போல் பத்துக் கோடி மடங்குக்கு மேல் கனம்.

இந்தியாவில் இதில் ஏதாவது நடக்கிறதா?

மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில், அவுந்தா அருகே லைகோவின் இந்தியக் கருவிக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பு சுமார் 2,600 கோடி ரூபாய். சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் லைகோ கூட்டமைப்பில் பங்கெடுத்து, ஈர்ப்பு அலைகளைக் கொண்டு பொதுச் சார்பியலைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறார்கள். கிராவிட்டானின் நிறைக்கு வரம்பு கட்டுவதும் அந்த வகை வேலைதான்.

என் உடம்புக்குள்ளும் கிராவிட்டான் போகிறதா? (ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டது. இதுவரை வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.)

போகிறது, ஓயாமல். கணக்கோடு சொல்லக்கூடிய ஒரு நாளும் இருக்கிறது. லைகோ துடித்த அந்த 2015 செப்டம்பர் 14 ஒரு திங்கட்கிழமை. இந்திய நேரப்படி பிற்பகல் 3 மணி 20 நிமிடம். பள்ளிக்கூடங்கள் நடந்துகொண்டிருந்த நேரம். ஈர்ப்பு அலைக்குச் சுவரும் மலையும் பூமியும் ஒரு தடையே அல்ல. நீங்கள் வகுப்பில் இருந்தாலும், தொட்டிலில் இருந்தாலும், ஏறத்தாழ 10²⁷ கிராவிட்டான்கள் ஒரு நொடிக்குள் உங்கள் உடம்பைத் துளைத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். உங்கள் உயரம் ஒரு புரோட்டானின் குறுக்களவில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடியும் குறைந்தும் ஆடியது. வந்தவற்றில் ஒன்றுகூட உள்ளே தங்கியிருக்காது.